கலங்காத நீர்

மாப்பிள்ளை, பாசிக்கு வெயில் பிடிக்கும். உங்கள் கல்யாணத்தன்று நான் இதைச் சொல்லத் தொடங்கியதும் நைசாக நழுவிவிட்டீர்கள். இப்போது கேளுங்கள்.

எங்கள் ஏரி ஆழமில்லாதது. இரண்டு ஆள் உயரம் இருந்தால் அதிகம். குளிர் விலகியதும் நீர் தெளிந்து, வெயில் அடிவரை இறங்கும். தரையில் பாசி மெத்தைபோல் படரும். கோடை முற்றினால் மிதக்கும் பாசி நீரைப் பச்சையாக்கி வெளிச்சத்தை மறைக்க, அடிப்பாசி செத்துவிடும். இடைப்பட்ட சில நாட்களில்தான் அதன் வளர்ச்சியை அளக்க முடியும். தரையில் கண்ணாடிக் குடுவைகளைக் கவிழ்த்து, உள்ளே சேரும் பிராணவாயுவை மாலையில் குழாய் வழியாகப் படகிலிருந்தே அளப்போம். அதுவரை சேறு கலங்கக் கூடாது. முந்தைய இரண்டு வருடமும் காற்று கெடுத்துவிட்டது.

மூழ்கிக் குடுவை வைப்பவள் என் தங்கை, உங்கள் மனைவி. அவள் இடுப்புக் கயிற்றின் மறுமுனை என் கையில். அவள் இழுத்தால் நான் தூக்க வேண்டும்.

அன்று காலை இறங்கும்முன் சிரித்தாள். "நான் முங்கிப் போனாக்கூட, சேறு கலங்கிடும்னு சும்மா உக்காந்திருப்பே, இல்லண்ணா?"

"வாயை மூடிட்டுப் போடி."

"மூடாம எப்படிண்ணா தண்ணிக்குள்ள போறது?"

கடைசிக் குடுவையைக் கவிழ்த்துவிட்டு மேலே திரும்புகையில், குடுவைகளைப் பிணைத்திருந்த கம்பி அவள் காலில் மாட்டியது. நீர் தெளிவாக இருந்ததால் எல்லாம் தெரிந்தது. தூக்கினால் குடுவைகள் வரிசையாகச் சாயும். மூச்சடக்குவதில் அவள் கெட்டிக்காரி. தானே விடுவித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவளும் முதலில் மெதுவாகத்தான் அசைந்தாள், சேறு கிளம்பாமல்.

கயிறு இழுபட்டது. கொஞ்சம் பொறு என்று மனதுக்குள் சொன்னேன். மறுபடியும் இழுபட்டது. கை நகரவில்லை. நான் கெட்டவன் இல்லை, மாப்பிள்ளை, கையாலாகாதவன்.

பிறகு கயிறு அசையவில்லை. போன உயிர் திரும்பி வராது. நீரையும் எதற்குக் கலக்க வேண்டும்? படகிலேயே உட்கார்ந்திருந்தேன். மதியம் நீங்கள் போன் செய்து, அவள் சாப்பிட்டாளா என்று கேட்டீர்கள். தண்ணீருக்குள் இருக்கிறாள் என்றேன். அது பொய்யில்லை. வெயில் சாய்ந்ததும் அளவெடுத்தேன். அதற்குப் பிறகுதான் கயிற்றை அறுத்துவிட்டுக் கரையைப் பார்த்துக் கூப்பாடு போட்டேன்.

அளவுகள் பிழையில்லாமல் வந்திருக்கின்றன. ஆய்வுக் கட்டுரையில் அவள் பெயரைத்தான் முதலில் போட்டிருக்கிறேன். பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள்.