லாக்லனின் அங்குலக் கணக்கு

நான் டேப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தால் ஏதாவது ஒன்று இடம் மாறும். பெரும்பாலும் என் முதுகெலும்பு. அன்று மாறியது ஜாக், அதாவது புல்தரையில் கனமான பந்துகளை உருட்டும் எங்கள் பௌலிங் ஆட்டத்தில் எல்லோரும் குறிவைக்கும் சின்ன வெள்ளைப் பந்து. என் பூட்ஸ் முனை பட்டு ஒரு சாண் தள்ளிப் போய்விட்டது.

முப்பது கஜத்துக்கு அப்பால் நாற்காலியில் உட்கார்ந்தபடி லாக்லன் கத்தினான்: "எவ்வளவு மாப்ளே?"

"மூணு அடி ரெண்டு அங்குலம்." டேப்பில் இருந்ததைத்தான் சொன்னேன்.

"போன வாரத்தைவிட மோசமால்ல இருக்கு?"

"புல்லு ஈரம், மச்சான்." ஸ்காட்லாந்தில் இந்தச் சாக்கு வருஷம் முழுக்கச் செல்லும்.

உண்மையைச் சொல்ல ஒரு நிமிடம் இருந்தது. அந்த நிமிடத்தில் நான் மூக்கைச் சிந்தினேன்.

லாக்லன் என் மனைவி நெட்டாவின் அண்ணன். முப்பது வருஷமாக எங்கள் கிளப்பின் நால்வர் அணியில் கடைசிப் பந்துகளை உருட்டியவன். ஜனவரியில் பக்கவாதம் வந்து வலது கை துவண்டுவிட்டது. ஏப்ரலில் புல்தரையைத் திறந்தபோது, காலியான அந்த இடத்துக்கு அறிவிப்புப் பலகையில் 'வாட்டி' என்று என் பெயர் ஏறியிருந்தது. இருபத்திரண்டு வருஷமாக அங்கே நான் செய்துவந்த முக்கிய வேலை சாண்ட்விச் வெட்டுவது. பலகையை நாலு தடவை போட்டோ எடுத்தேன்.

லாக்லன் தினமும் காலையில் அந்தக் கையாலேயே பதினாறு பந்து உருட்டுவான். மறுமுனைவரை அவனால் நடக்க முடியாது. ஆகவே ஜாக்கிலிருந்து ஒவ்வொரு பந்தும் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று அளப்பது, நோட்டில் எழுதுவது, பந்துகளைத் தள்ளுவண்டியில் திருப்பிக் கொண்டுபோவது எல்லாம் நான். சராசரி ஒன்றரை அடிக்குள் வந்துவிட்டால் அவனைத் திரும்ப அணியில் போடுவதாக கேப்டன் செங்கா சொல்லியிருந்தாள்.

அதன் பிறகு என் பூட்ஸ் தற்செயலை நம்பி இருக்கவில்லை. ஒவ்வொரு பந்துக்கும் ஜாக்கை லேசாக ஒதுக்கி அளந்தேன். அளந்ததும் பழைய இடத்திலேயே வைத்துவிடுவேன். எனக்கு ஒழுங்கு முக்கியம். போட்டிப் பதற்றம் அவன் உடம்புக்கு ஆகாது என்பதையும் நினைத்துப் பார்த்தேன். அவன் முகம் ரொம்ப வாடிய நாட்களில் ஷார்ட்பிரெட் பிஸ்கட் இரண்டாகக் கொடுத்தேன்.

ஜூலையில் பிசியோதெரபிப் பெண் நோட்டைக் கேட்டாள். என் கையெழுத்தைப் பாராட்டினாள். எட்டு வாரமாக ஒரு அங்குலம்கூட முன்னேற்றமில்லை, கை இனி இவ்வளவுதான் என்று சொல்லிப் பயிற்சியை நிறுத்திவிட்டாள். நான் அவளுக்கு டீ ஊற்றினேன். அந்த வாரம் அவனுடைய உண்மையான சராசரி பதினாலு அங்குலம். அதையும் தனியாக எழுதிவைத்திருந்தேன். யாருக்காக என்று என்னைக் கேட்காதீர்கள்.

பயிற்சி நின்றது. ஆகஸ்டில் அவனால் டீக்கோப்பையைக்கூட இடது கையில்தான் எடுக்க முடிந்தது. மாவட்ட இறுதிப் போட்டிக்கு முந்தின நாள் தன் நாலு பந்துகளையும் பையோடு என் மடியில் வைத்தான்.

"எனக்கு எதுக்கு இனி? நீ உருட்டு. கீழ போட்டு நெட்டாவோட காலை ஒடச்சிராத."

எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். வெளியே வந்தது வேறு.

"மச்சான், ஏப்ரல்ல என்னைய எதுக்குப் போட்டாங்க? செங்காவக் கேட்டா மழையப் பத்திப் பேசறா. மத்தவனுங்க சிரிக்கிறானுங்க. நீயாவது நேரா சொல்லு."

லாக்லன் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"நான்தான் ஆஸ்பத்திரியிலேர்ந்து சொல்லிவிட்டேன். வேற எவனப் போட்டாலும், நான் வந்து கேக்கறப்ப எடத்த விடமாட்டான். வாட்டின்னா, நான் தேறினத மொத ஆளாப் பாத்துட்டு அவனே எந்திரிச்சிருவான்னேன்."