கிறிஸ்தோபரின் காலடியில் இருந்தவள்

ஈரச் சுவரில் வரைகிறவன் காலையில் வயிறு முட்டச் சாப்பிடக் கூடாது. சாரத்தில் தூக்கம் வரும். அன்றும் ஒரு துண்டு கறுப்பு ரொட்டிதான் தின்றிருந்தேன். ஆகவே மயக்கத்தில் செய்தேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள், நீதிபதி ஐயா.

எங்கள் ஊர்க்காரர்களின் அறிவு உங்களுக்குத் தெரியாததா. கோயிலின் வெளிச்சுவரில் கூரை உயரத்துக்குப் புனித கிறிஸ்தோபர், குழந்தை இயேசுவைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடக்கிறார். காலையில் அவர் முகத்தைப் பார்த்தவனுக்கு அன்றைக்குத் திடீர்ச் சாவு கிடையாதாம். மாடு மேய்ப்பவன் முதல் பாதிரியார் வரை அண்ணாந்து ஒரு பார்வை, முடிந்தது பக்தி. அவர் காலடித் தண்ணீரில் நான் வரைந்த கடற்கன்னியை ஒரு பயலும் பார்க்கவில்லை. செதில் செதிலாக இழைத்த வேலை அது. பார்த்தவன் ஓடக்காரன் காலுஸ் ஒருவன்தான்.

"மேல பொண்ணு, கீழ கெளுத்தி. இத எந்தச் சந்தையில புடிச்சீரு மேஸ்திரி?" என்றான். ஊரே சிரித்தது. அன்றிலிருந்து அவளுக்குக் கெளுத்தி என்றே பெயர்.

நான் கோபக்காரன் இல்லை. இரண்டு மாதம் வாயைத் திறக்கவில்லை. பிறகு மழையில் கிறிஸ்தோபரின் முகம் உரிந்தது, என்னைத்தான் கூப்பிட்டார்கள். அன்று காலை பழைய முகத்தைக் கொத்தி எடுத்துப் புதுச் சாந்து பூசியிருந்தேன். சந்தை நாள். டிராவு ஆறு கலங்கி ஓடியது. துறையில் ஒன்பது பேர் காத்திருந்தார்கள், ஒருத்தி கையில் வாத்துக்கூடை. காலுஸ் சாரத்துக்கு அடியில் வந்து நின்றான்.

"மொகம் எங்க மேஸ்திரி? அவரப் பாக்காம நான் கயித்த அவுக்க மாட்டேன்."

சாரத்தின் உச்சியிலிருந்து ஆற்றின் மேற்கு வளைவு வரை தெரியும். வெள்ளம் வேரோடு பிடுங்கிய மரங்கள், பத்துப் பன்னிரண்டு, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வந்தன. கீழே நின்றவனுக்கு அது தெரியாது. நான் தூரிகையைக் கறுப்பில் தோய்த்து, வெற்றுச் சாந்தில் இரண்டு கண்கள் வரைந்தேன்.

"பாக்குறாரு பாரு. போயிட்டு வா" என்றேன்.

தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டுப் போனான். மூக்கில்லை, வாயில்லை, இரண்டு கண்ணே போதுமாக இருந்தது அந்த மடையனுக்கு. எவ்வளவு நேரத்தில் எல்லாம் முடிந்தது என்று கேட்கிறீர்கள். நான் மூக்கை வரைந்து முடிப்பதற்குள்.

ஊர் என்ன கண்டுபிடித்தது தெரியுமா? கிறிஸ்தோபரைப் பார்த்தவன் சாக முடியாது. ஆகவே கடற்கன்னிதான் ஓடத்தைக் கீழே இழுத்துவிட்டாள். காலுஸின் மனைவி அஃப்ரா உளியோடு வந்து சுவரில் இருந்த அவள்மேல் முதல் அடி அடித்தாள். மீதியை மற்றவர்கள் கொத்தினார்கள். பாதிரியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

அதனால்தான் நானே நடந்து வந்தேன். மரங்களைப் பார்த்தவன் நான். கண்ணை வரைந்தவன் நான். போகச் சொன்னவனும் நான். பத்துப் பேரையும் கொன்றது நான்தான் என்று தெளிவாக எழுதுங்கள். எழுதியதைக் கோயில் வாசலில் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். ஒரு பாவமும் அறியாத பெண்ணை அப்படிச் சிதைத்துவிட்டு, அந்த இரக்கமற்ற ஜனங்கள் எப்படித்தான் நிம்மதியாகத் தூங்குகிறார்களோ.