அடிக்கும் காயத்துக்கும் நடுவே

மார்ச் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை பிற்பகல், எழுதுபொருள் கடையின் மாடி அறையில் நடந்த கார்டுப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் என் மாமியார் தையற்காரரை வென்றார். நடுவர் நான்.

எனக்கு மாமியாரைப் பிடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விசாரிக்க வருகிறவர்கள் எல்லோரும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். அவர் எங்களோடு இருக்க வந்தபோது ஜன்னலோர அறையைக் காலிசெய்து கொடுத்தவன் நான். மாலையில் பொழுது போகவில்லை என்றதும் என் கார்டுக் கட்டுகளில் ஒன்றைக் கொடுத்து விளையாடக் கற்றுக்கொடுத்தவனும் நான்.

கார்டு விளையாட்டுச் சங்கத்திலிருந்து வந்திருக்கும் உங்களுக்கு விதி தெரியும். இருந்தாலும் சொல்கிறேன். ஒருவர் தன் மிருகக் கார்டை முன்னே தள்ளி, அடிப்பதாக அறிவிக்கிறார். எதிராளி தன் மிருகம் ஒன்றை நிறுத்தித் தடுக்கிறார். உடனே காயம் விழுந்துவிடாது. நடுவே ஒரு சின்ன இடைவெளி உண்டு. அதில் கையிலிருக்கும் கார்டு ஒன்றை வைத்து ஆட்டத்தையே புரட்டிப்போடலாம். வைக்க எதுவும் இல்லையென்றால் விரலால் மேசையைத் தட்ட வேண்டும். தட்டிவிட்டால் வாய்ப்பு போனது போனதுதான்.

இந்த இடைவெளியை மாமியாருக்கு நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அடி என்று அறிவித்த பிறகு யாரும் எதையும் வைக்க முடியாது என்றேன். காரணம் நியாயமானது. அவர் ரயில் நிலையத்தில் சிக்னல் கொடுத்து ஓய்வுபெற்றவர். இரண்டு ரயிலுக்கு நடுவே இருக்கும் இடைவெளியைக் கவனித்தே சம்பளம் வாங்கியவர். அவர் கையில் இந்த இடைவெளியையும் கொடுத்தால் நான் எந்த மாலையில் ஜெயிப்பது? வீட்டில் நானும் அதே விதிக்குக் கட்டுப்பட்டுத்தான் ஆடினேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏமாற்றுகிறவன் அப்படி ஆடமாட்டான்.

அப்படியும் பாதி மாலைகளில் அவர்தான் ஜெயித்தார்.

“என்ன மாப்ளே, அடிக்கப் போறீங்களா, இல்ல அந்த மிருகத்தைத் தடவிக் குடுத்துத் தூங்க வைக்கிறீங்களா?”

“யோசிக்கிறேன் அத்தை.”

“யோசிங்க, யோசிங்க. அதுக்குள்ள நான் துணி மடிச்சு வச்சுட்டு வந்துடறேன்.”

அடுத்த அறையில் என் மனைவி சிரிப்பாள். யார் பக்கம் நின்று சிரிக்கிறாள் என்று நான் கேட்டதில்லை.

தையற்காரரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எழுதுபொருள் கடைக்கு எதிரே தைக்கிறார். நல்ல மனிதர். என் கால்சட்டைகள் எல்லாம் அவர் தைத்தவைதான். அவருடைய மகள் தலைநகரில் இருக்கிறாள். அவள் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்ட அன்று அவர் சொன்ன ஒரு வார்த்தையால் பேச்சு நின்றுபோயிற்று. இந்த வருடம்தான் அவளிடமிருந்து ஒரு போன் வந்தது. தலைநகரில் நடக்கும் பெரிய போட்டிக்கு அப்பா ஆட வந்தால் பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறாள். எங்கள் ஊரிலிருந்து, இந்தப் போட்டியில் ஜெயிக்கும் ஒருவருக்குத்தான் அங்கே இடம்.

“சும்மா போய் அவ வாசல்ல நிக்க முடியல சார். ஒரு சாக்கு வேணும்,” என்றார் என் இடுப்பை அளந்துகொண்டே. பிறகு நாடாவைப் பார்த்து, “போன தடவைக்கு ரெண்டு விரல் கூடியிருக்கு. உங்க மாமியார் சமையல் உங்களுக்கு நல்லா ஒத்துக்குது,” என்றார்.

முதல் சுற்றுகளில் மாமியாரை எதிர்த்தவர்களிடம் தடுப்பதற்கு மிருகமே மிஞ்சவில்லை. ஆகவே இடைவெளி என்ற பேச்சே எழவில்லை. இறுதி ஆட்டத்தில் அவர் தன் பெரிய மிருகத்தை முன்னே தள்ளினார். தையற்காரர் தடுத்தார், பிறகு யோசித்தார். அவர் யோசிக்கும்போது வலது கால் தானாகத் தரையில் தட்டிக்கொண்டிருக்கும். ஆயுள் முழுக்கத் தையல் மெஷினை மிதித்த கால். மேசை லேசாக அதிர்ந்தது. பிறகு ஒரு கார்டை எடுத்து வைத்தார். நல்ல கார்டு. மாமியாரின் மிருகம் அதோடு முடிந்தது, ஆட்டமும் முடிந்திருக்கும்.

மாமியார் கையைத் தூக்கினார். “மாப்ளே, அடின்னு சொன்னப்புறம் இவர் எப்படி கார்டு வைக்கலாம்? நீங்கதானே எனக்கு...”

அவர் முடிக்கும்வரை நான் விடவில்லை. அறையில் இருந்த எல்லோருக்கும் விதி தெரியும். என் மனைவி இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

“தட்டிட்டார். வாய்ப்பு போயிடுச்சு. கார்டு செல்லாது,” என்றேன்.

“நான் எங்க சார் தட்டினேன்? ரெண்டு கையிலயும் கார்டு இருக்கே.”

“சத்தம் கேட்டுச்சே.”

“அது என் கால் சார்.”

“ஏன் டெய்லரே, உங்க காலும் ஆட்டத்துல சேர்ந்திருக்கா?” என்று பின்னாலிருந்து யாரோ கேட்க, அறை முழுக்கச் சிரித்தது. சத்தத்தை எல்லோரும் கேட்டிருந்தார்கள். மேசைக்கு அடியில் தெரியும் இடத்தில் நான் மட்டும்தான் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக் கடையில் மற்றவர்களின் பார்வையைச் சோதிப்பது என் தொழில். என் பார்வையில் குறை எதுவும் இல்லை. செருப்பைக் கழற்றியிருந்த அவருடைய பாதம் ஏறி இறங்குவதைத் தெளிவாகப் பார்த்தேன். ஆனால் காலால் தட்டினால் கணக்கில்லை என்று விதியில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

தையற்காரர் கார்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார். “சரி சார். நீங்க பார்த்திருப்பீங்க,” என்றார்.

தலைநகரில் என்ன ஆகும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. நடுவருக்கு ஒரு நேரத்தில் ஒரு ஆட்டம்தான்.

மாமியார் போனார், முதல் சுற்றிலேயே தோற்றார். எதிராளி இடைவெளியில் கார்டு வைத்தபோது கையைத் தூக்கியிருக்கிறார். அங்கிருந்த நடுவர் பொறுமையாக விளக்கியிருக்கிறார். இதை என் மனைவிதான் சொன்னாள், மாமியார் சொல்லவில்லை. ரயிலைவிட்டு இறங்கியவர் நேராக வீட்டுக்கு வராமல், பையோடு தையல் கடைக்குப் போய் வெகுநேரம் இருந்துவிட்டு வந்தார். உங்களுக்குப் புகார் வந்தது அதற்குப் பிறகுதான் என்று ஊகிக்கிறேன்.

தையற்காரர் மகளைப் பார்க்கப் போகவில்லை. அதில் எனக்கும் வருத்தம்தான். ஆனால் பெற்ற மகளைப் பார்க்க ஒருவருக்குக் கார்டு விளையாட்டு எதற்கு? யோசித்துப் பார்த்தால் தவறு அங்கேதான் தொடங்குகிறது.

நேற்று மாலை மாமியார் மேசையைத் துடைத்துவிட்டுக் கார்டுகளைக் கலைத்தார்.

“வாங்க மாப்ளே. முதல்ல நீங்க அடிங்க.”

நான் அடித்தேன். அவர் தடுத்தார். பிறகு கையிலிருந்து ஒரு கார்டை எடுத்து, அவசரமே இல்லாமல், நடுவில் வைத்தார். என் மனைவி கதவருகே வந்து நின்றாள்.

“செல்லுமா மாப்ளே?”

கேட்கிறாரா, கேலி செய்கிறாரா என்று முகத்தில் தெரியவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாமே என்று எனக்கும் தோன்றியது. ஆனால் நடுவராக இருக்கிறவன் ஒரே விஷயத்துக்கு இரண்டு தீர்ப்பு சொல்லக் கூடாது.

“செல்லாது அத்தை,” என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே கார்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார். அந்த ஆட்டத்தில் நான் ஜெயித்தேன்.