நீச்சல் குளத்தில் மிளகு

பாஸ்கல்: இது என்னன்னு பாத்துச் சொல்லு, ஜெயமேரி.

ஜெயமேரி: மிளகு.

பாஸ்கல்: நல்லாப் பாரு.

ஜெயமேரி: ஏழு வருசமா இந்த ரிசார்ட்டு சமையக்கட்டுல வேகுறேன். எனக்கு மிளகு தெரியாதா? தண்ணியில ஊறி உப்பிப் போயிருக்கு, அம்புட்டுத்தான். எங்க கெடந்துச்சு?

பாஸ்கல்: நான் பாக்குற நீச்சல் குளத்துல. தூசி வந்து சேருற கூடையில ஒரு கைப்பிடி.

ஜெயமேரி: வெங்காயம் வதங்குது. கருகாமப் பாக்கணும்ல.

பாஸ்கல்: பாரு, பாரு. கொடைக்கானல் போற வழியில ஒரு கோயமுத்தூர்க்காரரு நேத்துத் தங்குனாருல்ல... காலையில குளிக்க எறங்குனாரு. வாயத் தொறந்து மூச்சு விட்டவரு எதையோ நறுக்குன்னு கடிச்சுட்டாரு. ஈரத் துண்டோட நேரா மானேஜர்கிட்ட போயி, ஏனுங்க, நீங்க குளம் வச்சிருக்கீங்களா, ரசம் வச்சிருக்கீங்களான்னு கேட்டுப்புட்டாரு.

ஜெயமேரி: ரசமா... ஐயோ...

பாஸ்கல்: சிரிக்காத. மானேஜரு மிளகப் புது செல்போன்ல போட்டோ புடிச்சு வச்சிருக்காரு. போட்டது யாருன்னு பன்னெண்டு மணிக்குள்ள தெரியணுமாம். அந்த ஆளு இன்னையோட வேலைய விட்டுப் போயிரணுமாம்.

ஜெயமேரி: ஒரு பிடி மிளகுக்கா? அந்த ஆளு வீட்டுல அடுப்பு எரியுறதே இந்தச் சம்பளத்துலன்னு இருந்தா?

பாஸ்கல்: எந்த ஆளு வீட்டுல?

ஜெயமேரி: பொதுவாச் சொன்னேன். காக்கா கொண்டாந்து போட்டிருக்கும்.

பாஸ்கல்: செவ்வா, புதன், வியாழன்னு மூணு நாளாவா? காக்காவுக்கு ஏதாச்சும் வேண்டுதலா?

ஜெயமேரி: நீங்க மட்டும் மூட்டை மூட்டையா உப்பக் கொட்டுனீங்களே, அத யாரு கேட்டா?

பாஸ்கல்: அது மெஷினுக்கு. தண்ணியில இருக்க உப்ப மெஷினு மருந்தா மாத்திரும், பாசி புடிக்காது. மருந்து நாத்தம் வராது, கண்ணு எரியாது. ஆனா நம்மூரு வெயிலுக்குத் தண்ணிதான் ஆவியாப் போவும், உப்பு அப்படியே நிக்கும். ஊத்தலாம்னா நம்ம போர்த் தண்ணியும் உப்பு. மெஷினு தகட்டுல வெந்நிப் பானை மாதிரி வெள்ளையாப் படிஞ்சிரும். அதான் லாரியில நல்ல தண்ணி வாங்கி ஊத்தி, நாக்குல வச்சுப் பாத்து...

ஜெயமேரி: கொழம்பு ருசி பாக்குற மாதிரி.

பாஸ்கல்: ஆமா. கண்ணீரவிடக் கொஞ்சம் கம்மியாக் கரிக்கணும். இப்படிப் பொத்திப் பொத்தி வளக்குற தண்ணியில, எவனோ மிளகோட சேத்து பாக்கெட்டுப் பொடி உப்பு வேற போட்டிருக்கான்.

ஜெயமேரி: பொடி உப்பு இல்ல, கல்லுப்பு. பொடி உப்பு சாமிக்கு ஆகாது.

பாஸ்கல்: ஓகோ... எந்தச் சாமிக்கு?

ஜெயமேரி: நகருங்க, தட்டு எடுக்கணும்.

பாஸ்கல்: வெங்காயம் கருகுது.

ஜெயமேரி: கருகட்டும். செபஸ்தியாருக்கு. எங்க ஊருக் கோயில் கெணத்துல உப்பும் மிளகும் போட்டா, கரையக் கரைய மருவும் கரைஞ்சிரும். இந்தக் கோடையில கெணறு காஞ்சு கெடக்கு. எனக்குத் தெரிஞ்சு நெறையத் தண்ணி நிக்கிறது உங்க குளத்துல மட்டுந்தான். அதுலயும் உப்பு கரையுறத என் கண்ணால பாத்தேன்.

பாஸ்கல்: உப்பு கரையும். மிளகு கரையுமா?

ஜெயமேரி: கெணத்துல போட்டுட்டு யாரு எட்டிப் பாத்தா?

பாஸ்கல்: சரி, யாருக்கு மரு?

ஜெயமேரி: எந்தம்பி ஆண்டனிராஜுக்கு.

பாஸ்கல்: எந்த எடத்துல?

ஜெயமேரி: முதுகுல.

பாஸ்கல்: போன வாரம் பூராம் சட்டையில்லாம இங்கதான நின்னு செவுத்துக்குப் பெயிண்ட் அடிச்சான். ஒரு மச்சங்கூட இல்ல.

ஜெயமேரி: நீங்க எதுக்கு அவன் முதுகப் பாத்தீங்க?

பாஸ்கல்: பேச்ச மாத்தாத. இந்த ரிசார்ட்டுல மரு இருக்கது ஒரே ஒரு ஆளுக்குத்தான். அதுவும் மூக்கு மேல.

ஜெயமேரி: எங்கம்மாதான் சொல்லுச்சு. பையன் தங்கமான பையன், அந்த மூக்கத்தான் பாக்க முடியலன்னு.

பாஸ்கல்: உங்கம்மா எதுக்கு என் மூக்கப் பாத்துச்சு? வாட்ச்மேன்லருந்து தோட்டக்காரரு வரைக்கும் எல்லாரையும் வாய் நெறைய அண்ணேங்குற. என்னைய மட்டும் ஒரு நாளும் கூப்புட்டதில்ல. அதுவும் ஏன்னு சொல்லிரு.

ஜெயமேரி: உங்கள அண்ணேன்னு கூப்புட எனக்கு வாய் வரல. வேணும்னுதான் கூப்புடல. போதுமா? இப்பப் போங்க, மானேஜர்கிட்ட நான்தான் போட்டேன்னு சொல்லிருங்க. குளத்துக்குப் பொறுப்பு நீங்க, உங்க தலையில விடிஞ்சிரக் கூடாது.

பாஸ்கல்: அவரு கேட்டப்பவே எட்டு மணிக்குச் சொல்லியாச்சு.

ஜெயமேரி: சொல்லியாச்சா... என்னன்னு?

பாஸ்கல்: நான்தான் நேந்துக்கிட்டுப் போட்டேன்னு. மூக்கக் காமிச்சேன், நம்பிட்டாரு. போயிருன்னு கத்துனாரு. அப்புறம் அந்த மெஷினு என்னயத் தவிர ஒருத்தனுக்கும் தெரியாதுங்குறது ஞாபகம் வந்துருச்சு. போய்த் தொலை, மிளகு எல்லாத்தையும் அள்ளி வெளிய போட்டுட்டு வேலையப் பாருன்னுட்டாரு.

ஜெயமேரி: அப்ப... நான் போட்டது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?

பாஸ்கல்: செவ்வாக்கெழம விடியக்காலையில மோட்டார் ரூமுக்குள்ளதான் நின்னேன். முந்தானையில முடிஞ்சு கொண்டாந்து, நெத்தியில செலுவ போட்டு, தண்ணியில கொட்டிட்டு ஓடுன.

ஜெயமேரி: அடப்பாவி மனுசா. எல்லாந் தெரிஞ்சுக்கிட்டு எதுக்கு இம்புட்டு நேரம் என் உசுர வாங்குனீங்க?

பாஸ்கல்: யாருக்காகப் போட்டங்குறது மட்டும் அங்கருந்து தெரியல.