செவ்வாய், வெள்ளி, சஷ்டி

சண்டைக் காலத்தில் பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடிய பஸ், புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடிக்கு முக்கி முனகிப் போய்க்கொண்டிருந்தது. எனக்கு முன் சீட்டில் அக்காளும் தங்கையும். தங்கை எலும்பும் தோலுமாக இருந்தாள்.

“நாலு மாசமா தூரமாகலை. ஆனா வயித்துல பிள்ளை இல்லையாம்க்கா.”

“டாக்டரம்மாவா சொன்னாங்க?”

“ஆமா. பிள்ளை வேணும்னு அத்தை செவ்வாய், வெள்ளி, சஷ்டின்னு பட்டினி போட்டாங்கள்ல, ஒடம்பு இளைச்சு அதுவே நின்னுபோச்சாம். நல்லாச் சாப்புட்டு ஒடம்பு தேறுனாத்தான் பிள்ளை தங்குமாம்.”

“அப்ப சாப்புடேன்டி.”

“நான் முழுகாம இருக்கேன்னு அத்தை ஊரெல்லாம் சொல்லிட்டாங்க. விரதத்தாலதான் தங்குச்சுன்னு இன்னொரு நாள் விரதமும் கூட்டிட்டாங்க. வளைகாப்புக்கு வளையக்காரருக்கும் சொல்லிவிட்டாச்சு.”

அக்காள் மடியிலிருந்த பொட்டணத்தைப் பிரித்து ஒரு இட்லியை நீட்டினாள். தங்கை கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“வேணாம்க்கா. சாப்புட்டா தூரமாயிருவேன்.”