மூக்கைப் பொத்தட்டும், பிறகு பேசலாம்

காவடி தூக்குவோரின் கால்நோவைத் தன் நோவாக எண்ணும் தலைவர் துரைசாமி அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! மடியில் பிள்ளையும் கையில் விசிறியுமாக என்னைப் பொறுத்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே! கப்பல் பட்டறையிலிருந்து குளித்தும் குளிக்காமலும் ஓடிவந்த தம்பிமார்களே! உயிரியல் ஆசிரியை பஞ்சவர்ணத்தின் பணிவான வணக்கம்.

எனக்கு ஒரு சந்தேகம். "சந்தேகம் உன்கூடவே பொறந்தது லா!" என்பார் என் வீட்டுக்காரர். இருக்கட்டும். அந்த மூலையில் விற்பனைக்கு அடுக்கியிருக்கிறார்களே, ஆக்சிஜன் ஏற்றிய 'உயிர்வாயுத் தண்ணீர்', அதன்மேல்தான் சந்தேகம்.

மகள் கவிப்ரியா நோயிலிருந்து பிழைத்ததற்காகத் தைப்பூசத்தில் காவடி எடுக்கப்போகிறவர், அதோ கடைசி வரிசையில் இருக்கும் நம் கோவிந்தராசு. தைப்பூசம் நாளை மறுநாள். நேற்று தேக்கா சந்தை மாடிப்படியில் ஏறமுடியாமல் பாதியிலேயே உட்கார்ந்திருந்தார். "என்ன தம்பி?" என்றேன். "மூணு நாளா சோறு இல்லக்கா. இந்தத் தண்ணி மட்டுந்தான். உடம்புச் செல்லுக்கு நேரா எனர்ஜி போகுதாம், விரதமும் கெடாதுன்னாங்க."

அடப்பாவிகளா! விரதத்திலும் ஒருவேளைச் சைவச் சோறு உண்டே, அதையுமா பிடுங்கினீர்கள்?

உண்ட சோறு குளுக்கோசாகிச் செல்லுக்குள் போகிறது. மூக்கு இழுத்த உயிர்வாயு இரத்தத்தில் ஏறி அங்கே வந்து சேர்கிறது. பாதி உடைந்த அந்தச் சர்க்கரையை மைட்டோகாண்ட்ரியா என்னும் செல்லின் அடுப்பு, உயிர்வாயுவோடு படிப்படியாக எரித்து, ஏடிபி என்னும் ஆற்றலாக்கித் தருகிறது. மிஞ்சுவது தண்ணீரும் கரியமிலவாயுவும். விறகே வைக்காமல் ஊதுகுழலை மட்டும் ஊதினால் உலை கொதிக்குமா? அந்தக் காற்றையும் தண்ணீரிலிருந்து பிரித்தெடுக்க, நம் வயிற்றில் என்ன மீனின் செவுளா இருக்கிறது?

யாரது, "போத்தல்ல சர்டிபிகேட் ஒட்டியிருக்கு டீச்சர்" என்பது? ஓ, விற்பனையாளர் ரித்திக் அவர்களா! வாருங்கள் மேடைக்கு. ஒரு போத்தல் குடியுங்கள். குடித்தாயிற்றா? மூக்கையும் வாயையும் பொத்துங்கள். உயிர்வாயுதான் உள்ளே போய்விட்டதே, இனி மூச்சு எதற்கு?

பத்து... இருபது... முகம் சிவக்கிறதே ஐயா! முப்பது...

"ஐயோ, முடியல டீச்சர்!"

கேட்டீர்களா சபையோரே? அவர் சரக்கை அவர் செல்லே நம்பவில்லை! அதை நம்பியா நம் தம்பி டேங்க் ரோடு கோயில் வரை காவடி சுமப்பது? நடுவழியில் சரிந்தால் கவிப்ரியாவுக்கு யார் பதில் சொல்வது? எனக்குப் பயமாக இருக்கிறது ஐயா!

கோவிந்தராசு தம்பி, என் பையில் தயிர்ச்சோறு இருக்கிறது. இன்றைய ஒருவேளை இதுவாகட்டும். தோளில் காவடி ஏறுமுன் வயிற்றில் சோறு இறங்கட்டும்! "சரிக்கா, ரூமுக்குப் போய்ச் சாப்பிடறேன்" என்கிறாரா? அதெல்லாம் நடக்காது. முதல் கவளம் இறங்குவதைப் பார்க்காமல் நான் மேடையை விட்டு இறங்க மாட்டேன். சந்தேகக்காரி நான்.

வைத்துவிட்டாரா வாயில்? மென்றாரா? விழுங்கினாரா?

அப்படியானால் என் பேச்சு முடிந்தது. காத்திருந்த அனைவருக்கும் நன்றி, வணக்கம்!