அர்த்தத்தை அல்ல, சொன்ன சொல்லை எழுதச் சொன்னவருக்கு

முப்பத்தோராண்டு காலம் திருகாணிகளை இறுகும்வரையும், திருகியவர்களைத் திருந்தும்வரையும் சோதித்து, இன்று பணி நிறைவு பெறும் எங்கள் மாண்பமை முதுநிலைத் தர ஆய்வாளர் திருமதி ஜெபசீலி ஆஸ்டின் அவர்களுக்கு, பாகலூர் சாலை விமானப் பராமரிப்பு ஹேங்கரின் தொழிலாளர் அனைவரும் எழுந்து நின்று அளிக்கும் அன்பு மடல்.

எட்டடி தொலைவிலேயே எண்ணெய்க் கசிவை மோப்பம் பிடிக்கும் எங்கள் ஏந்தலே! கைவிளக்கொன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கண் தப்பிய கீறலையெல்லாம் கண்டுபிடித்த காவலே! டார்க் ரெஞ்ச் தவறிக் கீழே விழுந்த ஓசையைக் கேட்டே அது யார் கையிலிருந்து விழுந்தது என்று பெயர் சொல்லி அழைத்த பெருந்தகையே! வணக்கம்.

இந்த மடலை எழுதும் பொறுப்பு, கோவில்பட்டியிலிருந்து வந்து இருபத்திரண்டு ஆண்டுகளாக இன்ஜின் பிரிவில் கரி பூசிக்கொண்டிருக்கும் மாடசாமியாகிய என் தலையில் விழுந்தது. மூன்று இடத்திலாவது மோனை வர வேண்டும், குறைந்தது ஆறு முறையாவது உங்களை விளிக்க வேண்டும், பிழை இருந்தால் ஃபிரேம் போட்ட பிறகு திருத்த முடியாது என்று ஸ்டோர்ஸ் ஆனந்த் நிபந்தனை போட்டார். மோனையை மேலேயே தீர்த்துவிட்டேன். பிழையைப் பற்றித்தான் இனிப் பேசப் போகிறேன்.

மேடம் என்றே உங்களை நாங்கள் அழைத்துப் பழகிவிட்டோம். அம்மையீர் என்று எழுதினால் வேறு யாரையோ வாழ்த்துவது போலிருக்கிறது. ஆகவே, மேடம், எங்களுக்கு நீங்கள் முதலில் தந்தது சனிக்கிழமைத் தேநீர் வேளை. சின்னஞ்சிறு இரட்டை இன்ஜின் டர்போபிராப் விமானங்கள் உலகின் ஏதேதோ மூலையில் விழுந்த கதைகளை, அவற்றின் விசாரணை அறிக்கைகளிலிருந்து வாரம் ஒன்றாக எங்களுக்கு வாசித்துக் காட்டுவீர்கள். நாங்கள் அதற்கு ‘இழவு வாசிப்பு’ என்று பெயர் வைத்திருந்தோம். மிளகாய் பஜ்ஜியைக் கடித்த வாயோடு, ஓர் இன்ஜின் நின்றதும் பதற்றத்தில் ஓடிக்கொண்டிருந்த நல்ல இன்ஜினையும் அணைத்துவிட்ட விமானியைப் பற்றிக் கேட்போம். வேகம் காட்டும் குழாய்க்குள் குளவி கூடு கட்டியதைக் கேட்ட பிறகு, வெளியே நிற்கும் விமானத்தின் குழாய்க்கு உறை மாட்டாமல் எங்களில் ஒருவரும் சாப்பிடப் போனதில்லை. இறக்கையில் பனி உறைந்து விழுந்த கதைக்கு மட்டும், பனி கொட்டும் தளி ஊர்க்காரர்களைத் தவிர நாங்கள் யாரும் நடுங்கவில்லை.

ஒவ்வோர் அறிக்கையின் முடிவிலும் ‘பெரும்பாலும் இதுவே காரணம்’ என்று ஒரு வரி வரும். எங்கள் ராஜ்குமார் ஒருமுறை, இவ்வளவு படித்தவர்கள் இத்தனை மாதம் ஆராய்ந்துவிட்டு ‘பெரும்பாலும்’ என்று ஏன் இழுக்கிறார்கள், இதுதான் என்று அடித்துச் சொன்னால் என்ன என்று கேட்டார். அந்த ஒரு சொல்லைத்தான் அந்த அறிக்கையிலேயே நாணயமான சொல்லாகக் கருதுவதாக நீங்கள் சொன்னீர்கள். விமானி தவறு என்று முடித்தால் ‘அதுக்கு முன்னாடி?’ என்பீர்கள். அவருக்குப் பயிற்சி போதவில்லை என்றால் ‘அதுக்கும் முன்னாடி?’ என்பீர்கள். கேட்டுக் கேட்டு, எங்கள் வீடுகளில் பால் பொங்கி வழிந்தால்கூட, அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று மனைவியை விசாரித்து வாங்கிக் கட்டிக்கொண்டோம்.

இனி, ஏழாண்டுகளுக்கு முன் ஒரு மார்ச் மாதத்தில் நம்முடைய ஹேங்கரே அப்படி ஓர் அறிக்கைக்குள் போன கதைக்கு வருகிறேன். நல்ல நாளில் இதையா வாசிப்பது என்று முன் வரிசையில் சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. இதை விட்டுவிட்டு உங்களைப் பாராட்டினால், இன்ஜினை விட்டுவிட்டு இருக்கை உறையைத் துடைத்தது போலாகும்.

ஒன்பது பேர் அமரும் இரட்டை இன்ஜின் விமானம் ஒன்று பருவச் சோதனைக்கு வந்திருந்தது. இடது இன்ஜினில் எரிபொருள் வடிகட்டியை மாற்றிவிட்டு, குழாயின் நட்டைக் கையால் மட்டும் திருகி வைத்திருந்தோம். அதை டார்க் ரெஞ்ச் வைத்து, குறித்த அளவுக்கு இறுக்க வேண்டும். ரெஞ்சோ வலது இன்ஜினில் ஏணி மேல் நின்றிருந்த கோவிந்தப்பன் கையில் இருந்தது. கோவிந்தப்பன் தளிக்காரர், வீட்டில் கன்னடம், சந்தையில் தெலுங்கு, எங்களோடு தமிழ், கை வேலையில் மூழ்கிவிட்டால் மறுபடியும் கன்னடம். கீழே வேலை அட்டையோடு நின்றிருந்த நான், இடது பக்கக் குழாய் நட்டு என்ன ஆயிற்று என்று குரல் கொடுத்தேன். அவர் திரும்பாமலே ‘ஆய்த்து’ என்றார்.

கன்னடத்தில் அந்தச் சொல்லுக்கு முடிந்துவிட்டது என்றும் பொருள். ஆகட்டும், சரி என்றும் பொருள். அவர் சொன்னது, சரி, அடுத்து அதைத்தான் செய்யப் போகிறேன் என்பது. நான் புரிந்துகொண்டது, முடித்துவிட்டேன் என்பது. அட்டையில் ‘இறுக்கப்பட்டது’ என்று குறித்து, செய்தவர் என்ற இடத்தில் அவருடைய எண்ணையும் எழுதினேன். அதற்குள் வேறொரு விமானத்தை வெளியே தள்ள ஆள் வேண்டுமென்று அவரைக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்தபோது இரண்டு இன்ஜின் மூடிகளும் மூடியிருந்தன. அட்டையிலும் குறி இருந்தது. மாடசாமியே முடித்துவிட்டான் போலும் என்று அவர் நினைத்துக்கொண்டார். சாயங்காலம், அட்டையை வரி வரியாகப் படிக்காமல் அடியில் ஒரே கையெழுத்தாகப் போட்டுவிட்டு, தளி பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். நாங்கள் அத்தனை பேரும் அந்நாளில் செய்த வழக்கம் அதுதான்.

மறுநாள் தரையில் இன்ஜினை ஓட்டிப் பார்த்தபோது ஒரு சொட்டும் கசியவில்லை. இரண்டு பயணம் அந்த நட்டு தாக்குப் பிடித்தது. மூன்றாவது பயணத்தில், ஓடுதளத்தை விட்டு எழும்பிய சில நொடிகளில், அதிர்விலேயே அது கழன்று எரிபொருள் ஒழுகி, இடது இன்ஜின் நின்றுபோனது. மதிய வெயில், சரக்கும் எரிபொருளுமாக முழுப் பாரம், கைக்கெட்டும் உயரம். ஓர் இன்ஜினால் அதைத் தூக்க முடியவில்லை. விமானி கேப்டன் ரஞ்சிதா, நின்ற பக்கத்துப் புரொப்பெல்லரின் இலைகளைக் காற்றுக்கு நேராகத் திருப்பிவிட்டு, பாகலூருக்கு அப்பால் ஒரு தக்காளித் தோட்டத்தில் இறக்கினார். பயணிகள் நால்வரும் கீறல்களோடு நடந்து வந்தார்கள். கேப்டனுக்கு வலது கணுக்கால் முறிந்தது. இன்று ஊன்றுகோலின்றி இந்த மன்றத்தில் அமர்ந்திருக்கும் அவருக்கு எங்கள் வணக்கம்.

முதல் நாள் எல்லாரும் விமானியைக் குற்றம் சொன்னார்கள். நட்டு கழன்றிருந்தது தெரிந்ததும் அந்த வாய்களெல்லாம் கோவிந்தப்பன் பக்கம் திரும்பின. அட்டையில் அவருடைய எண், அடியில் அவருடைய கையெழுத்து. வேலைநீக்கத்துக்கும் லைசென்ஸ் பறிப்புக்கும் தாள் தயாரானது. நான் முடித்ததாகச் சொல்லவே இல்லை என்றார் அவர். எந்தச் சொல்லைச் சொன்னோம் என்பது அவருக்கே நினைவில்லை. ஒரு நாளில் நூறு முறை வாயில் வரும் சொல்லை யார் நினைவு வைத்திருப்பார்கள்? நான் என் வாக்குமூலத்தில், முடித்துவிட்டேன் என்று அவர் சொன்னார் என எழுதிக் கொடுத்தேன். எழுதியபோது அது பொய் என்று எனக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் தெரிந்துவிட்டது. ஓசூரிலிருந்து கர்நாடகத்து அத்திப்பள்ளி போகும் பஸ்ஸில், செக்போஸ்ட்டில் இறக்கிவிடும்படி ஓர் அம்மாள் கேட்க, கண்டக்டர் ‘ஆய்த்து’ என்றார். பஸ் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கோவிந்தப்பன் சொன்னதும் இந்தச் ‘சரி’தான் என்று எனக்கு உறைத்தது. அன்றே உங்களிடம் வந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஆறு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பயம்தான், வேறு எந்தச் சாக்கும் இல்லை. அந்த ஆறு நாளும் கோவிந்தப்பன் தினமும் காலையில் பஸ் ஏறி வந்து, உள்ளே விடாததால் வாசல் காவலர் செல்வத்தின் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். நான் பின்வாசல் வழியாக வேலைக்கு வந்தேன்.

மேடம், ஒன்பதாம் நாள், ஹேங்கரின் உள் விசாரணை அறிக்கையை எழுதிக்கொண்டிருந்த நீங்கள் ஒரு வெள்ளைத் தாளோடு என் மேசைக்கு வந்தீர்கள். உங்கள் ஊர் நாசரேத்துத் தமிழில், யாருக்கும் கேட்காத குரலில், “அவரு சொன்னதோட அர்த்தத்தை எழுதியிருக்கீங்க, மாடசாமி. அது வேண்டாம். அவரு வாயிலருந்து வந்த சொல்லை எழுதுங்க” என்றீர்கள். நான் ஒரே ஒரு சொல்லை எழுதினேன். ‘அதுக்கு முன்னாடி?’ என்று நீங்கள் கேட்கும்முன்பே, பஸ்ஸில் கேட்டதையும் ஆறு நாள் மறைத்ததையும் கொட்டிவிட்டேன். நீங்கள் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சற்று இலகுவாக இருந்திருக்கும்.

அப்போது நீங்கள் சொன்னது இரண்டு. உங்கள் பக்கமும் ஒரு தவறு உண்டு, அட்டையைப் பார்த்தே முத்திரை குத்தினீர்கள், நட்டைக் கையால் தொட்டுப் பார்க்கவில்லை என்பது ஒன்று. மற்றொன்றை உங்கள் வாய்மொழியிலேயே தருகிறேன்: “அந்த ஆறு நாளை நான் அறிக்கையில எழுத மாட்டேன். விமானம் விழுந்ததுக்கு அது காரணமில்ல. அது நீங்க கோவிந்தப்பனுக்குச் சொல்ல வேண்டியது.”

நம் மேலாளர் வெங்கடசாமி ஐயா, மேலிடம் கேட்பதாகச் சொல்லி, காரணம் என்ற இடத்தில் ஒரே ஒரு பெயரைக் கேட்டார். நீங்கள் நட்டு இறுகாததை எழுதி, அதற்கு முன்னால் இரு பொருள் தரும் ஒரு சொல்லை எழுதி, அதற்கும் முன்னால் மொத்தமாகக் கையெழுத்துப் போடும் எங்கள் வழக்கத்தை எழுதி, தொட்டுப் பார்க்காத ஆய்வாளர் என்று உங்கள் பெயரையும் எழுதினீர்கள். வெளியிலிருந்து வந்த விசாரணை அதிகாரிகளும் அதையே ஏற்றார்கள். கோவிந்தப்பன் வேலைக்குத் திரும்பினார். என் லைசென்ஸ் ஆறு மாதம் நின்றது, நியாயமாக. உங்கள் முத்திரையை மூன்று மாதம் வாங்கி வைத்தார்கள். வரவிருந்த தலைமை ஆய்வாளர் பதவி வேறொருவருக்குப் போனது. அந்த மூன்று மாதமும் ஸ்டோர்ஸ் ஜன்னலில் உட்கார்ந்து எங்களுக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுத்தீர்கள். அங்கேயும் ஒரு ஸ்பானரைத் துடைக்காமல் திருப்பிக் கொடுத்தவன் பிழைத்ததில்லை.

அதன் பிறகு வந்ததுதான் இன்றைய நம் சட்டம். இந்த ஹேங்கரில் ‘ஆய்த்து’ என்ற சொல் கிடையாது. எந்த மொழியானாலும் ‘செய்தேன்’ அல்லது ‘செய்யப் போகிறேன்’ என்று வினையை முழுதாகச் சொல்ல வேண்டும். செய்யப் போகிறேன் என்பதற்குக் கோவிந்தப்பன் ‘மாடுத்தீனி’ என்னும்போது எங்களுக்கு மாட்டுத்தீவனம் நினைவுக்கு வந்து சிரித்தாலும், அதில் சந்தேகத்துக்கு இடமில்லை. ஒவ்வொரு வரிக்கும் செய்தவர் ஒரு கையெழுத்து; வேறொருவர் கையால் தொட்டுப் பார்த்து இன்னொரு கையெழுத்து. ஏழாண்டுகளில் இங்கிருந்து போன எந்த விமானத்திலும் ஒரு நட்டுகூடக் கழன்றதில்லை. இதற்கு மேல் ஒரு புகழுரை எங்களுக்கு எழுதத் தெரியவில்லை.

மேடம், நீங்களும் ஆசிரியப் பணி முடித்த ஆஸ்டின் ஐயாவும் நாசரேத்துக்குக் குடிபோகிறீர்கள். ஊரில் ஓடும் பஸ்ஸின் சக்கரத்து நட்டுகளைத் தட்டிப் பார்க்காமல் நீங்கள் ஏற மாட்டீர்கள் என்பது தெரியும். டிரைவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். உங்கள் முழங்கால் வலி தீரட்டும். எண்ணெய் வாடை இல்லாத காலைகள் உங்களுக்கு ஆண்டாண்டுக்கும் வாய்க்கட்டும். அலாரம் வைக்காமல் உறங்கி, யாரையும் சரிபார்க்காமல் உண்டு, பேரப்பிள்ளைகள் சூழ நூறாண்டு நலமே வாழுங்கள்.

முடிக்கும்முன் ஒன்று. எழுதிய தாள் எதுவானாலும் வேறொருவர் சரிபார்க்க வேண்டும் என்பது உங்கள் சட்டம். ஆகவே நேற்று மதியம், இதுவரை உள்ள மடலைக் கோவிந்தப்பனிடம் கொடுத்தேன். அந்த ஆறு நாளைப் பற்றி அவருக்கு அதுவரை தெரியாது. ஏழாண்டாகச் சொல்ல வாய் வராமல், எழுத்தில்தான் சொன்னேன். கோவிந்தப்பா, உங்களை வாசல் பெஞ்சில் உட்கார வைத்தவன் நான். இத்தனை பேர் முன்னால் மன்னிப்புக் கேட்கிறேன்.

அவர் ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டுக்கொண்டே படித்தார். பஸ் வந்த இடத்தில் விரல் நின்றது. பிறகு கடைசிவரை படித்து, பேனாவை வாங்கி, தன் இடத்தில் கையெழுத்திட்டார். ஏழாண்டுகளில் இந்தக் கூரைக்குக் கீழே யாரும் சொல்லாத சொல்லைச் சொன்னார். “ஆய்த்து, மாடசாமி.”

முடிந்துபோயிற்று என்றாரா, சரி இருக்கட்டும் என்றாரா, நான் கேட்கவில்லை. நீங்கள் கற்றுத்தந்தபடி, மேடம், அர்த்தத்தை எழுதவில்லை. அவர் வாயிலிருந்து வந்த சொல்லை எழுதியிருக்கிறேன்.

என்றும் தங்கள் அன்பை மறவாத
ஹேங்கர் தொழிலாளர்கள் அனைவருக்காகவும்,

எழுதியவர்: மாடசாமி
தொட்டுச் சரிபார்த்தவர்: கோவிந்தப்பன்